ஆன்ஷெல் மாமாவுக்கு ஒரு தேதி

செத்துப்போன மாமா சாகமாட்டேன் என்று அடம்பிடித்தார். ஸெலிக்குக்கு அதுதான் தலைவலி.

நாளை மறுநாள் பிள்ளைக்கு எட்டாம் நாள். யூத வழக்கப்படி விருத்தசேதனம் செய்து பேர் வைக்க வேண்டும். ஹைஃபாவில் பாதித் தெருவை அழைத்தாயிற்று, உப்பு மீனுக்கும் சொல்லியாயிற்று. பேரும் எப்போதோ முடிவானதுதான்: ஆன்ஷெல். போலந்தில் போரோடு போய்விட்ட, அம்மா ப்ளூமாவின் ஒரே அண்ணன் பேர்.

ஐம்பது வருஷமாக அம்மா அந்த அண்ணனுக்கு விளக்கேற்றுகிறாள். இறந்த தேதி தெரியாததால் ஊரே அழிந்த நாளில் ஏற்றுவாள். சரியான தேதியைக் கண்டுபிடித்துக் கொடுப்போமே என்று ஸெலிக் ஆசைப்பட்டான். வினை அங்கே ஆரம்பித்தது.

வார்சா ஆவணக் காப்பகத்துக்கு எழுதினான். இறந்தவர் பட்டியலில் மாமா இல்லை. தாஷ்கண்டுக்கு ரயிலேறியவர் பட்டியலில் இருந்தார். தாஷ்கண்டுக்கு எழுதினால், 1943-ல் ரொட்டிச் சூளையில் வேலை பார்த்திருக்கிறார். சரி, அப்புறமாவது ஏதாவது ஆகியிருக்கும் என்று, போருக்குப் பின் பலர் திரும்பிவந்த போலந்து ஊரான லோட்ஸுக்கு எழுதினான். மாமா அங்கே கல்யாணமே செய்துகொண்டிருந்தார்.

ஒவ்வொரு கடிதத்திலும் மாமாவுக்கு வயது ஏறியது. கடைசியாக வந்தது 1949-ல் மாண்டிவிடியோவுக்குப் போன கப்பலின் பயணிகள் பட்டியல். கூடவே அந்த ஊர் யூதச் சங்கம் கொடுத்த ஒரு தொலைபேசி எண்.

"உயிரோட இருக்கறவர் பேரைக் குழந்தைக்கு வச்சா அவருக்கு ஆகாதுப்பா," என்றார் யூத குருவான ரபி. "முதல்ல அவர் போயிட்டாரான்னு கேளு."

"எப்படி ரபி கேக்கறது? ‘செத்துட்டீங்களா’ன்னா?"

"மரியாதையா கேளு."

வீட்டுக்கு வந்தால் மனைவி ருஹாமா பிடித்துக்கொண்டாள். "பேசாம வேற பேர் வச்சிடலாமே?"

"அதை எங்கம்மாகிட்ட நீயே சொல்லேன்."

அதற்குள் அம்மாவே வந்துவிட்டாள்.

"தேதி கெடச்சுதாடா?"

"வரும்மா."

"ஆறு மாசமா வருது. ஒருத்தன் செத்த தேதியைச் சொல்ல எத்தனை நாட்டுக்காரன்டா வேணும்?"

உண்மையைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. மாமா போன மாதம்தான் இறந்திருந்தால்? அண்ணனைக் கையில் கொடுத்து, அடுத்த நிமிஷமே பிடுங்குவதா? ஒரு தடவை அழுதவளை இன்னொரு தடவை அழவைக்க முடியாது.

மதியம் அம்மா குழந்தையோடு கண்ணயர்ந்ததும், எண்ணைச் சுழற்றினான். ஒரு பெண் எடுத்தாள். நல்லவேளை, அம்மா பேசும் இத்திஷ் மொழி தெரிந்தவள்.

"ஆன்ஷெல்... அவர்... இருக்காரா?"

"குளிச்சிட்டிருக்கார். நான் அவர் பொண்ணுதான். நீங்க யாரு?"

பிள்ளைக்குப் பேர் போயிற்று. ஸெலிக்குக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நான் அவரோட தங்கச்சி மகன்மா. ஹைஃபாவிலேருந்து பேசறேன். எங்கம்மா பேரு ப்ளூமா."



"அது எப்படிங்க? அந்த அத்தை செத்துட்டாங்கன்னுதானே எனக்கு ப்ளூமான்னு பேர் வச்சாங்க?"