டெய்லருக்குப் பிடிபடாத பேன்ட்

"அண்ணே, பேன்ட் மறுபடியும் கோணிக்கிச்சு."

டெய்லர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் அதே அம்மா. பக்கத்தில் யூனிஃபார்ம் பேன்ட்டோடு அதே பெண்.

"இருக்கவே இருக்காதும்மா. போன தடவை நிக்க வெச்சுப் பார்த்துத்தானே அனுப்பினேன்?"

"நீங்களே பாருங்க."

பார்த்தார். முட்டிக்குக் கீழே துணி, காலோடு போகாமல் தன்னிஷ்டத்துக்கு வெளியே ஒதுங்கி நின்றது.

"ஐயோ, இன்னும் கோணிடுச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு நின்றால் முட்டி இரண்டும் உரசும், பாதங்கள் விலகி நிற்கும். எந்தக் கடைப் பேன்ட்டும் அவளுக்கு முறுக்கிக்கொள்ளும். இவர்தான் முட்டிக்குக் கீழே காலின் போக்கிலேயே துணியைச் சாய்த்து வெட்டிக் கொடுத்தார். கண்ணாடியில் பார்த்த பெண் பேன்ட்டைக் கழற்றவே மாட்டேன் என்றாள். டெய்லரும் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்தப் பேன்ட்தான் இப்போது மானத்தை வாங்குகிறது. பிரித்துத் தைத்துக் கொடுப்பார். சில மாதத்தில் திரும்பி வரும்.

முதலில் டேப் மேல் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினார். அப்புறம் கத்தரியைச் சாணை பிடித்தார். கடைசியில் கண் மேல் பழி போட்டுப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். அதில் தரையே மேடாகத் தெரிந்தது. ஒரு பேங்க் மேனேஜரின் சட்டைக்கு இரண்டு பாக்கெட்டையும் மேலும் கீழுமாக வைத்துத் தைத்துவிட்டார்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. கைதான் நடுங்குதோ என்னவோ" என்றாள்.

அதுவரை நடுங்காத கை அன்றிலிருந்து நடுங்க ஆரம்பித்தது. நன்றாகத் தைத்ததையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். வேலை குவிந்தது. வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டினார்கள்.

"வேற யார்கிட்டயாவது குடுங்கம்மா" என்றார் இப்போது. "எனக்குத் தொழில் மறந்துபோச்சு. மெஷினை விக்க ஆள் பார்த்துட்டேன்."

அம்மா பதறிப்போனாள். "ஐயையோ அண்ணே! பேன்ட் கோணலை. இவ காலுதான் நேராகுது!"

"காலு நேராகுதா? பிரிச்சுத் தைக்க அது என்ன துணியா?"

"ஆபரேஷன் பண்ணோம்ணே. முட்டிகிட்ட உள்பக்கமா சின்னத் தகடு வெச்சுத் திருகியிருக்காங்க. உள்பக்கம் வளர்றதை அது பிடிச்சு வெச்சுக்கும். வெளிப்பக்கம் வளர்ந்து சரிக்கட்டிடும். வளர்ற வயசுங்கிறதால முடியுதாம். நேரானதும் தகட்டை எடுத்துடுவாங்க."

டெய்லர் முதல் தடவையாகத் துணியை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார்.

"முட்டியைச் சேர்த்து நில்லு பாப்பா."

நின்றாள். பாதங்களும் ஒட்டாத குறைதான்.

"அட! தகடு உள்ள துருப்பிடிக்காதா? ஓடினா சத்தம் கேக்குமா?"

பெண் சிரித்தாள். "கேக்காது மாமா."

டெய்லர் கையை நீட்டிப் பார்த்தார். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. உடனே கோபம் வந்தது. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பொம்பளப் புள்ள... நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்களேன்னுதான்..." என்று அம்மா இழுத்தாள்.

"அதெல்லாம் சும்மா மாமா" என்றாள் பெண். "விஷயம் தெரிஞ்சா, எங்க மனசு நோகக் கூடாதுன்னு 'காலு நேராகுது'ன்னு நீங்க பொய் சொல்லிடுவீங்களாம். அதான் அம்மா சொல்லலை. நீங்க தலையில கைவெச்சு 'ஐயோ, இன்னும் கோணிடுச்சே'ன்னு கத்தின அன்னைக்கெல்லாம் எங்க வீட்டுல ஒரே கொண்டாட்டம்!"