எல்லோருக்கும் முழு அனுமதி

டிங்.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் தட்டச்சுப் பள்ளியில் கேட்ட அந்தச் சின்ன மணி சூப்பிரண்டின் காதில் இன்னும் இருக்கிறது. வரி முடியப்போகிறது என்று இயந்திரம் தானாக அடிக்கும் மணி. அவர் ஒரு வரியை முடித்து நிமிர்வதற்குள் பக்கத்து இருக்கையில் அது நான்கு முறை அடித்துவிடும். யார் இந்த அவசரக்காரி என்று திரும்பிப் பார்த்தார். பார்த்தவர், அந்த ஆண்டுக் கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். வேகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் வெளியே போட்டி இருக்காது என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கு தப்பவில்லை. அவர் அலுவலகத்தில் ஏறி ஏறிக் கண்காணிப்பாளர் ஆனார். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டுதான். அவள் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். தண்ணீர் மோட்டார், தையல் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் என்று எது கடைக்கு வந்தாலும் அதன் கையேட்டைத் தமிழில் பேச வைத்தவள் அவள்தான். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று எத்தனையோ ஆயிரம் வீடுகளுக்கு அவள் சொல்லியிருக்கிறாள். சொன்னது அவள் என்று ஒரு வீட்டுக்கும் தெரியாது.

நாளுக்கு மூன்று முறை மேஜை சாப்பாட்டுக்கு வேண்டும். மூன்று முறையும் அவள் மடிக்கணினியை மூடி ஃபிரிட்ஜ் தலையில் வைப்பாள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு இறக்குவாள்.

படுக்கையறை போக அந்த வீட்டில் கதவுள்ள அறை ஒன்றுதான். நல்ல ஜன்னலும் அதில்தான். ஓய்வு பெற்ற மறுநாளே சூப்பிரண்டு அதைக் கைப்பற்றிவிட்டார். "புத்தகம் எழுதப்போறேன்" என்றார். 'கோப்பும் நானும்' என்று பெயரும் முடிவாகியிருந்தது. அறுநூறு பக்கம். அலுவலகத்திலிருந்து நினைவாக எடுத்துவந்த பலகையைக் கதவில் மாட்டினார். 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.'

இப்படி இருக்கையில் அவளுக்கு மொழிபெயர்க்க ஒரு நாவல் வந்தது. மோட்டாரும் மிக்ஸியுமாக வாழ்ந்தவளுக்கு முதல் நாவல். நானூற்று இருபது பக்கம், நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். மோட்டார் கையேடு என்றால் தண்ணீர் ஏறினால் போதும். நாவலில் ஒருவன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால், ஏன் நிறுத்தினான் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஃபிரிட்ஜ் உறுமும் இடத்தில் அது காதில் விழாது. அதற்கு ஒரு கதவு வேண்டும்.

"என்னங்க, நாலு மாசத்துக்கு அந்த ரூமைக் குடுங்களேன்."

"எந்த ரூமை?"

"நம்ம வீட்ல என்ன நாப்பது ரூமா இருக்கு?"

"நடக்கிற காரியமா பேசு. பத்தாவது இயல் ஓடிக்கிட்டிருக்கு. இப்ப எழுந்தா கோர்வை போயிடும்."

"போன வருஷமும் பத்தாவதுதானே ஓடிச்சு?"

"அது வரைவு. இது திருத்தம். உனக்குப் புரியாது."

அவளுக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொண்டாள். பேச்சு அத்தோடு நின்றது. தட்டுவதுதான் நிற்கவில்லை. பிரிண்டர் அந்த அறைக்குள் இருந்தது. அச்சில் பார்த்தால்தான் பிழை கண்ணில் படும் என்பது அவளுடைய பழக்கம். ஒவ்வொரு நாலு பக்கத்துக்கும் பென்டிரைவோடு வந்து கதவைத் தட்டினாள். ஒவ்வொரு தட்டலுக்கும் சூப்பிரண்டு திரையில் பரப்பியிருந்த சீட்டுக்கட்டை மறைத்து, புத்தகத்தைத் திறந்து, நெற்றியைச் சுருக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் மூன்று வினாடியில் முடியும். இப்போது நெற்றி சுருங்க மட்டும் மூன்று வினாடி ஆனது.

எட்டாவது தட்டலில் அவர் மாபெரும் தீர்மானம் ஒன்றை எடுத்தார்.

"இனிமே நீ நடக்க வேண்டாம். ரெண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கப்போறேன். நீ அங்கேயிருந்து என் கம்ப்யூட்டர்ல போடு. நான் இங்கேயிருந்து பிரிண்ட் எடுத்துக் கதவுக்கடியில தள்றேன்."

"ஜெயில்ல சாப்பாடு தள்ற மாதிரியா?"

"உன் வசதிக்குத்தான் சொல்றேன்."

அவருடைய வசதியும் கொஞ்சம் இருந்தது. இணைத்துவிட்டால் பதிப்பாளர் அவளுக்கு என்ன எழுதுகிறார் என்பதையும் நாற்காலியை விட்டு எழாமல் மேற்பார்வையிடலாம். அவள் போடுவாள், அவர் பார்ப்பார். முப்பது ஆண்டுகள் அவருக்குத் தெரிந்த ஒரே போக்குவரத்து அதுதான்.

தடை ஒன்று இருந்தது. அவருடையது விண்டோஸ். அவளுடையது லினக்ஸ். அச்சகம் நடத்தும் அவள் அண்ணன், அச்சகத்தில் கழித்துக் கட்டிய மடிக்கணினியைத் தங்கைக்குக் கொடுத்தபோது அதில் லினக்ஸின் அடையாளமான பென்குயின் படம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அன்றுமுதல் சூப்பிரண்டு அதை 'உங்க அண்ணன் வீட்டுப் பறவை' என்றுதான் சொல்வார்.

புதிய பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். 'வீட்டு வலையமைப்பு: நடவடிக்கைக் குறிப்புகள்' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, சுருக்கொப்பமும் இட்டார். வேலையைத் தொடங்கவில்லை; தேநீர் கேட்டார்.

மறுநாள் காலை சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போர் தொடங்கியது.

"என் கம்ப்யூட்டர் தெரியுதா?"

"தெரியலை."

"பேரைப் போட்டுத் தேடு. 'தலைமை அலுவலகம்'னு வச்சிருக்கேன்."

"அப்படி யாரும் இல்லைங்குது."

"நல்லாத் தேடு!"

"உங்க ஆபீஸ்லயும் இப்படித்தானே, பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. நம்பர் சொல்லுங்க."

அவர் வேண்டாவெறுப்பாகத் தம் கணினியின் எண்ணைச் சொன்னார். உடனே தெரிந்தது. பதிவேட்டில் 'என் ஆலோசனைப்படி எண் பயன்படுத்தப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்.

"தெரியுது. ஆனா உள்ளே விடமாட்டேங்குது."

"ஃபயர்வால் தடுக்குது. தீச்சுவர். இறக்கிட்டேன், இப்பப் பாரு."

"சுவரை இறக்கியாச்சு. நான் அடுப்பை இறக்கிட்டு வரேன், இருங்க."

அவள் அடுப்பை அணைக்கப் போன இடைவெளியில் அவர் தம் பக்கத்திலிருந்து அவளுடைய கணினிக்குள் நுழைந்து பார்த்தார். 'மொழிபெயர்ப்பு' என்ற கோப்புறை தெரிந்தது. தட்டினார். சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. 'உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்.'

அனுமதி இல்லை என்ற சொல்லை வாழ்நாளில் அவர் எழுதித்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. எழுந்து வெளியே வந்தார்.

"நிர்வாகியை அணுகணுமாம். யாரு இந்த வீட்டுக்கு நிர்வாகி?"

"வீட்டுக்கு நீங்கதான்."

"அப்புறம்?"

"இந்தப் பெட்டிக்கு நான்."

சமாதானம் ஆகாமலேயே உள்ளே போனார். அடுத்த சிக்கல் காத்திருந்தது.

"இப்ப உங்க கம்ப்யூட்டர் கதவு வரைக்கும் வந்துட்டேன். பாஸ்வேர்டு கேக்குது, சொல்லுங்க."

சூப்பிரண்டு மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்து மூடினார்.

தினமும் நான்கு இலக்க எண்ணைத் தட்டித்தான் அவர் கணினியைத் திறப்பார். வலையமைப்புக்கு அந்த நான்கு இலக்கம் செல்லாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வைத்த பழைய கடவுச்சொல்தான் வேண்டும். மறதிக்காரர்களுக்கு எத்தனை குறிப்பாணை கொடுத்தவர் அவர்! மறந்துவிட்டேன் என்று ஒரு சுவரைப் பார்த்துச் சொல்வதா, அதுவும் அந்தப் பக்கம் மனைவி இருக்கும் சுவரைப் பார்த்து?

"பாஸ்வேர்டெல்லாம் எதுக்கு? புருஷன் பொண்டாட்டிக்குள்ள!" என்றார்.

"நல்ல குணம்" என்றது சுவர்.

கடவுச்சொல் கேட்கும் ஏற்பாட்டையே அவர் நிறுத்திவிட்டார். 'பிரிண்ட்' என்று ஒரு சின்னக் கோப்புறையைத் திறந்து பகிர்ந்தார். அவளால் பார்க்க முடிந்தது, எதையும் போட முடியவில்லை. ஒரு பொத்தானை மாற்றினார். முடியவில்லை. இன்னொன்றை மாற்றினார். அதற்குள் மதியமாகிவிட்டது. மேஜை சாப்பாட்டுக்குப் போய், மடிக்கணினி ஃபிரிட்ஜ் தலைக்குப் போய், திரும்பி வந்தது.

"இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லைங்க. நான் பேசாம நடந்தே வந்துடறேனே. எனக்குப் பழக்கம்தானே."

இந்த ஒரு வார்த்தைதான் அவரைச் சுட்டது. அலுவலகத்தில் ஒரு கோப்பு நகராமல் அடம் பிடித்தால் அவருக்கு ஒரே வழிதான். சில்லறைக் கேள்விகளை விட்டுவிட்டு மேலிடத்திலிருந்தே உத்தரவு வாங்கிவிடுவார். இங்கே மேலிடம் அவரே. சின்னக் கோப்புறையை விட்டார். டி டிரைவ் முழுவதையும் பிடித்தார். பகிர். யாருக்கு? எல்லோருக்கும். எவ்வளவு? முழு அனுமதி. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தட்டு.

"அட, போயிடுச்சு!" என்றாள் அவள்.

"பார்த்தியா! முப்பது வருஷம் ஃபைல் நகர்த்தின கை இது!"

பதிவேட்டில் 'பணி முடிந்தது' என்று எழுதி மூடினார். டி டிரைவில் வேறு என்னென்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. முழு அனுமதி கொடுத்து ஒரு கோப்பை வெளியே விட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று வருடம் தவறாமல் கீழ்நிலை எழுத்தர்களுக்கு வகுப்பெடுத்தவர், யோசிக்கவில்லை.

டி டிரைவில்தான் 'கோப்பும் நானும்' இருந்தது. அதில் அட்டைப் படம் இருந்தது. முன்னுரை பதினேழு இருந்தது; அவற்றில் ஒன்று 'கோப்பு என்பது காகிதம் அல்ல' என்று தொடங்கியது. ஆசிரியர் குறிப்பில் 'பல நூல்களின் ஆசிரியர்' என்று இருந்தது. பின்னட்டைக்காக 'ஒரு மூச்சில் படித்து முடித்தேன்' என்று வாசகர் ஒருவர் எழுதியதாகச் சூப்பிரண்டே தட்டி வைத்த கடிதம் இருந்தது. பத்து இயல்களும் வரிசையாகத் தலைப்போடு இருந்தன. தலைப்புக்குக் கீழே வெள்ளைத் திரைதான். நான்கு ஆண்டுகளாக அந்த வெள்ளையில் ஒரு எழுத்து விழவில்லை.

அதன் பிறகு வீடு அமைதியானது. தட்டல் இல்லை. காலையில் பக்கங்கள் வந்து விழும். அவர் அச்செடுத்துக் கதவுக்கடியில் தள்ளுவார். பிறகு நிம்மதியாகச் சீட்டுக்கட்டை விரிப்பார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்:

"'கோப்பு என்பது காகிதம் அல்ல, கட்டி வைத்த காலம்.' எப்படி இருக்கு?"

"அற்புதம். யாரு எழுதினது?"

"எங்கேயோ படிச்சேன்."

"பெரிய மூளைதான் அப்படி யோசிக்கும். எனக்கும் கிட்டத்தட்ட அதே எண்ணம் உண்டு."

"இருக்கும், இருக்கும். இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்தார். விரல் நகத்துக்குள் எப்போதும் மையோடு இருக்கும் மனிதர். தங்கை கணவர் மேல் அளவில்லாத மரியாதை. அவருடைய புத்தகத்தைத் தாமே அச்சிட்டுத் தருவதாக நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வாக்குக் கொடுத்தவர்.

"மாப்ளே, நல்ல பேப்பர் வந்திருக்கு. உங்களுக்குன்னு எடுத்து வச்சிட்டேன். எத்தனை பக்கம் வந்திருக்கு?"

"அதாவது மச்சான்... பத்தாவது இயல்ல ஒரு சின்ன நெருடல்..."

"பரவாயில்ல, முதல் இயலைக் குடுங்க. அச்சுக் கோத்துப் பார்த்துடலாம்."

"பிரிண்ட் எடுக்கணும். மை தீர்ந்துபோச்சு."

"மைக்கா பஞ்சம்? என் நகத்துல இருக்கறதே ரெண்டு இயலுக்கு வரும்!" என்று சிரித்தார் அச்சகக்காரர்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஃபிரிட்ஜ் தலையிலிருந்து மடிக்கணினியை இறக்கி அண்ணன் முன்னால் வைத்தாள்.

"பிரிண்ட் எதுக்குண்ணா? இவர்தான் ரெண்டையும் இணைச்சுட்டாரே. புத்தகம் இங்கேயிருந்தே திறக்கும்."

சூப்பிரண்டின் கையிலிருந்த தம்ளர் பாதியில் நின்றது.

"புத்தகமா? எப்படித் திறக்கும்? நான் பிரிண்ட் ஃபோல்டர்தானே..."

"எல்லாருக்கும் முழு அனுமதி குடுத்திருக்கீங்களே. புருஷன் பொண்டாட்டிக்குள்ள பாஸ்வேர்டு எதுக்குன்னு. இதோ 'கோப்பும் நானும்'. இதோ 'இயல்கள்'. முதல்லேருந்து படிக்கட்டுமா, பத்தாவதிலேருந்து படிக்கட்டுமா?"

"படி, படி" என்று அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. கணவரைப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளாக மேஜைக்கும் ஃபிரிட்ஜ் தலைக்கும் நடுவே ஏறி இறங்கிய பார்வை அது. அதில் கோபம் இல்லை. அவருக்குக் கோபமே தேவலை என்றிருந்தது.

"மச்சான்!" என்றார் சூப்பிரண்டு. "படிக்கிறதுக்கு முன்னால ஒரு விஷயம் சொல்லணும். உங்க தங்கச்சிக்கு நாவல் வந்திருக்கு. முதல் நாவல். பாவம், இந்த மேஜையில கிடந்து கஷ்டப்படறா. என் புத்தகத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறதா முடிவு பண்ணிட்டேன். ரூம் அவளுக்கு."

"ஐயோ, பத்தாவது இயல்?" என்றாள் அவள்.

"அது... மனசுல இருக்கு."

"கோர்வை போயிடாதா?"

"போகாது."

"நாலு மாசம்தானே? அப்புறம் திருப்பிக் கேப்பீங்க."

அவர் திரையைப் பார்த்தார். விரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது.

"கேக்கமாட்டேன்."

அவள் மடிக்கணினியை மெல்ல மூடினாள். அச்சகக்காரர் கண் கலங்கிவிட்டார். "எத்தனை புருஷனுக்கு இந்த மனசு வரும், மாப்ளே!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சூப்பிரண்டின் உள்ளங்கையில் கொஞ்சம் மை ஒட்டிக்கொண்டது. அந்தப் புத்தகத்துக்காக அவர் கையில் பட்ட மை அவ்வளவுதான்.

அன்று மாலையே அச்சகக்காரர் இருக்கும்போதே இடமாற்றம் நடந்தது. சூப்பிரண்டின் கணினி சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. பிரிண்டர் கனமாக இருந்ததால் அறையிலேயே இருக்கட்டும் என்றாள். பலகையைக் கழற்றப் போனவரிடம், "அது பாட்டுக்கு இருக்கட்டும், நல்லா இருக்கு" என்றாள்.

அடுத்த வாரம் அவர் பதினெட்டாவது முன்னுரையை அவளுடைய கணினி வழியாகப் பிரிண்டருக்கு அனுப்பிப் பார்த்தார். சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. நிர்வாகியை அணுகச் சொன்னது. எழுந்துபோய்க் கதவைத் தட்டக் கை ஓங்கியவர், பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே விசைகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் காலத்து விசைப்பலகைக்கு மணி கிடையாது. ஆனாலும் வரி முடியும் இடம் அவருக்குத் தெரிந்தது.

நாவல் மறு ஆண்டு வெளிவந்தது. ஐந்தாம் பக்கத்தில் 'கேட்டவுடன் அறையைத் தந்த கணவருக்கு' என்று போட்டிருக்கிறது. அவள் இப்போது மூன்றாவது நாவலில் இருக்கிறாள். சூப்பிரண்டு சாப்பாட்டு மேஜையில் இருக்கிறார். தட்டுகள் வரும்போது கீபோர்டை எடுத்து ஃபிரிட்ஜ் தலையில் வைக்கிறார்.