லைன் சரியான நாள்

"உங்க உழைப்பைக் கம்பெனி ஒரு நாளும் மறக்காது," என்று எச்.ஆர். மேடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, திரையில் அவருடைய வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பிறகு அவரும் போய், இணைப்பு இல்லை என்ற அறிவிப்பு மட்டும் வந்தது.

வீட்டிலிருந்தபடியே இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். உடனே லைன் வந்துவிட்டது. மேடம்தான் வரவில்லை. போன தடவையும் இப்படித்தான். நாளெல்லாம் ஒழுங்காக இருக்கிற லைன், எச்.ஆர். மேடம் வந்தால் மட்டும் மண்டையைப் போட்டது.

போனிலேயே விஷயத்தைச் சொல்லும்படி கேட்டுப் பார்த்தார். முடியாதாம். இந்த மாதிரி விஷயங்களை மேனேஜர் முன்னிலையில், முகம் பார்த்து, முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும் என்பது கம்பெனி வழக்கமாம். இடையில் அறுந்தால் இன்னொரு நாள் குறித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்களாம். கெட்ட செய்தி சொல்கிறவர்கள் இவ்வளவு மரியாதையாகவா ஆரம்பிப்பார்கள்? சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருப்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். அவர் மனைவியிடம் சொன்னார். மனைவி தன் அப்பாவிடம் சொன்னாள். அதுவரை அவரை "அந்த ஆள்" என்று குறிப்பிட்டுவந்த மாமனார், அன்றைக்குச் சாப்பிடும்போது "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றார். பாவம், குமாஸ்தா உடனே தட்டை நீட்டினார். இந்த மரியாதை நிலைக்க வேண்டுமானால் லைன் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும்.

முதலில் மோடத்தை அணைத்துப் போட்டார். பக்கத்து அறையில் மனைவி கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். பாதிக் கணக்கில் டீச்சர் மறைந்தார். சில பிள்ளைகள் திரும்பி வரவே இல்லை.

அடுத்து, ஹாலில் இருந்த மோடத்தைப் பிடுங்கித் தன் அறை அலமாரி மேல் வைத்தார். ஹாலில் மாமனாரின் டி.வி.யில் படம் வராமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் பதவி உயர்வுக்காக அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு, மேடம் வரும் நாட்களில் வீட்டில் எல்லாருடைய போனையும் அணைக்கச் சொன்னார். வகுப்பு அறுவதாகப் புகார் சொல்லக் கூப்பிட்ட தாய்மார்களுக்கு லைன் கிடைக்கவில்லை. அவர்கள் வேறு டீச்சரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் மெக்கானிக் வந்தார். லைனில் ஒரு குறையும் இல்லை என்றார். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று கம்ப்யூட்டருக்கு வரும் வயரை மாற்றி, புது வயரின் மிச்ச நீளத்தை மேஜைக்கு அடியில் சுருட்டிவிட்டுப் போனார். அடுத்த தடவை மேடம் "உங்க" என்பதோடு போய்விட்டார். உழைப்பு வரைக்கும்கூட வரவில்லை.

"என் கிளாஸ் போச்சு. உங்க பதவியாவது வருமா, வராதா?" என்று மனைவி கேட்டாள்.

அடுத்த முறை அவள் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். மேடம் திரையில் தோன்றினார். மேலதிகாரி முன்னால் எப்போதும் செய்வதுபோல் குமாஸ்தா முதுகை நிமிர்த்தி, நாற்காலியைப் பவ்வியமாக முன்னால் இழுத்துக்கொண்டார். நாற்காலிச் சக்கரம் வயர் மேல் ஏறியது.

"நாற்காலியை நகத்துங்க," என்றாள் மனைவி.

"சும்மா இரு. மேடம் பேசறாங்க."

"மேடம் போயாச்சு. வயர் மேல உக்காந்திருக்கீங்க."

இத்தனை நாள் லைனை அறுத்தது தன்னுடைய மரியாதைதான் என்று தெரிந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, தானே மேடத்தைக் கூப்பிட்டு, லைன் சரியாகிவிட்டது, இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினார். மேடம் தயங்கினார்.

"நிஜமாவே சரியாயிடுச்சா சார்? அடுத்த வாரம்கூடப் பாத்துக்கலாமே."

குமாஸ்தா விடவில்லை. மேனேஜரும் வந்து சேர்ந்தார். மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காமிராவில் தெரிகிற மாதிரி மாப்பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று குமாஸ்தா சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

மேடம் முதலிலிருந்து படித்தார். உழைப்பு வந்தது, போனது. அதற்குப் பிறகு வந்ததைக் குமாஸ்தா இதுவரை கேட்டதே இல்லை. லைன் துளியும் அசையவில்லை. இன்றோடு அவருடைய வேலை முடிகிறது என்பது காதுக்குப் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்டது. குமாஸ்தா மோடத்தைப் பார்த்தார். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மாமனார் காமிராவை விட்டு விலகிப் போனார். மனைவி மட்டும் நின்றாள்.

மேனேஜர் போன பிறகும் மேடம் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கடைசிவரைக்கும் கேட்டாத்தான் வேலைய விட்டு எடுக்க முடியும்ங்கறது ரூல் சார். உங்க செக்‌ஷன்ல மத்தவங்க எல்லாம் என் முகத்தைப் பாத்ததுமே வயரைப் பிடுங்கிட்டு இன்னும் வேலையில இருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் ரிப்பேர் பண்ணிக்கிட்டீங்க."