முப்பது விநாடி விமர்சகர்

இந்த முறை மனைவி மாதேஸ்வரியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை என்று தினேஷ்குமார் சபதம் எடுத்தான். சபதம் குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எடுக்கப்பட்டது. வெளியே அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓசூரில் ஒரு பிரேக் கம்பெனியில் அவன் தரப் பரிசோதகன். ஃபேஸ்புக்கில் இசை விமர்சகன். அஞ்செட்டியில் பிறந்து பெங்களூரில் பாடுகிற சாந்தினி வெங்கடப்பனின் முதல் ஆல்பம் ‘செக்போஸ்ட்’ வந்தபோது, அவன் பக்கத்தில் வந்த விமர்சனத்தைப் படித்துத்தான் கம்பெனி பஸ்ஸே அதைக் கேட்டது. அந்தப் பாணியை நியோ சோல் என்கிறார்கள். அவசரமில்லாத தாளம், பக்கத்தில் உட்கார்ந்து மனக்குறை சொல்வதுபோல் ஒரு குரல். ‘கதவைச் சாத்தாமல் அழுகிற பெண்’ என்று அந்தக் குரலைப் பற்றி எழுதியிருந்ததைப் பலரும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

அதைச் சொன்னவள் மாதேஸ்வரி. தட்டியது மட்டும் அவன் விரல். பாராட்டுக்குத் தலையாட்டிய ஒவ்வொரு முறையும் கழுத்தில் சுருக்கென்றது. ஆனாலும் ஆட்டினான்.

இப்போது இரண்டாவது ஆல்பம், ‘மறுபடியும் ஈரம்’. பெங்களூர்ப் பத்திரிகைகளில் ஒன்று துணிச்சல் என்றது. இன்னொன்று தூக்க மாத்திரை என்றது. தினேஷ்குமாரின் தீர்ப்புக்கு ஊரே காத்திருந்தது. ஊர் என்றால் நூற்று நாற்பது பேர்.

கம்பெனிக்கு ஆயிரம் உருப்படி வந்தால் ஆயிரத்தையுமா அளக்கிறார்கள்? பெட்டிக்கு ஒன்றை எடுத்து அளந்து முத்திரை குத்துவார்கள். அதே முறையில் பாட்டுக்கு முப்பது விநாடி கேட்டான். ஒன்பது பாட்டும் ஒரே முனகலோடு தொடங்கின. ‘ஒரே முனகலை ஒன்பது முறை விற்கிறார். ரிஜெக்ட்’ என்று எழுதினான்.

மறுநாள் பஸ்ஸில் சூப்பர்வைசர் கோவிந்தப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தமிழில் கன்னடம் கலந்திருக்கும்.

“ஏனப்பா தினேசு, பாட்டை ஒந்து நிமிஷமாவது கேட்டியா?”

“கேட்டேங்க சார்.”

“முனகறது யாரு?”

“சாந்தினிதாங்க.”

“அவங்கம்மா. பக்கவாதத்துல பேச்சு போன அம்மா. அந்த முனகலுக்குத்தான் மக பாட்டுக்குப் பாட்டு பதில் சொல்றா. எம்பொண்ணு கேட்டுட்டு அழுதுட்டா. நீ ரிஜெக்ட் குத்தியிருக்க.”

பின்சீட்டில் யாரோ லேசாக முனகினார்கள். அடுத்த நிறுத்தத்துக்குள் பஸ்ஸே முனகியது. தினேஷ்குமார் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளினான். ஏதோ அட்டைதான் அவனைக் காட்டிக்கொடுத்தது மாதிரி.

சாயங்காலம் நேராகச் சமையலறைக்குப் போனான்.

“ஈஸ்வரி, அந்த ஆல்பம் கேட்டியா?”

“மூணு தரம். பாப்பா தூங்கணுமில்ல.”

“ஒரு மன்னிப்பு எழுதித் தர்றியா?”

“எம்பேரு போடுவீங்களா?”

“வீட்டு விஷயத்த எதுக்கு வெளிய…”

“போன தரமும் இதேதான் சொன்னீங்க.”

அவன் கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடி கழுவினான்.

“சரி, போனைக் குடுங்க. பாப்பாவைப் புடிங்க. எழுதிக் காட்டறேன், நல்லாப் படிச்சுப் பாத்துட்டு நீங்களே போடுங்க.”

நீளமாகத்தான் எழுதியிருந்தாள். முதல் இரண்டு வரியைப் பார்த்தான். ‘அவசரப்பட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.’ தரம் சரியாக இருந்தது. போட்டுவிட்டு, போனை அவளிடம் கொடுத்துவிட்டு, குழந்தையோடு வாசலுக்கு நடந்தான்.

அரை மணியில் போன் விடாமல் அதிர்ந்தது. வாங்கிப் பார்த்தான். ‘அருமை அக்கா.’ ‘அக்கா, கண் கலங்கிடுச்சு.’

அக்காவா?

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் கடைசிவரை படித்தான். ‘செக்போஸ்ட் விமர்சனம் என்னுடையது அல்ல. என் மனைவி மாதேஸ்வரி சொன்னது. பாராட்டை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். இனி இந்தப் பக்கத்தில் அவளே எழுதுவாள்.’ அதற்குக் கீழே சாந்தினி வெங்கடப்பன்: ‘அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். நீங்கள்தானா அது?’

பொய் ஒரு வரிகூட இல்லை. காது மடல் வரை சுட்டது. அழிக்கப் போனான். ஃபேஸ்புக் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தான். தவறு என்றது.

“ஈஸ்வரி, பாஸ்வேர்டு எடுக்கலையே?”

“அது மாத்தியாச்சுங்க. நீங்க பாப்பாவுக்குத் துணி மாத்துங்க.”