யோனா அண்ணையின் ஒற்றைச் சப்பாத்து

மொன்றியல் ஒரு தீவு என்பதை மனதார நம்பி நடந்த ஒரே மனிதர் எங்கள் யோனா அண்ணைதான். விமானத்தில் வந்து இறங்கி பதினைந்து வருடமாகியும் அவர் இந்தத் தீவைவிட்டு ஓர் அடி வெளியே வைத்ததில்லை. எல்லாம் ஒரு நேர்த்திக்கடனால் வந்த வினை.

தொண்ணூறில், நாலு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போனபோது நடுக்கடலில் புயல். எல்லாரும் அந்தோனியாரைக் கூப்பிட, இவர் மட்டும் வேதாகமத்து யோனாவைக் கூப்பிட்டாராம். "பிள்ளையைக் கரைசேர்த்துவிடும். நீர் கப்பலேறின யோப்பாத் துறையிலை வந்து கால் நனைக்கிறன். அதுவரைக்கும் இனித் தண்ணி கடக்கமாட்டன்."

கதையைக் கேட்ட எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி தலையில் கைவைத்தார். "அவருக்கு ஆரப்பா நேர்த்தி வைக்கிறது? கடவுளுக்கே ஒளிச்சு ஓடி, மீன் விழுங்கின ஆளெல்லோ!"

"சுவாமி, அண்டைக்கு அந்தோனியாருக்குச் சரியான வேலை. யோனா சும்மா இருந்தவர். ஓடுறவன்ரை அந்தரம் ஓடினவருக்குத்தானே தெரியும்?"

விமானம் ஆகாயத்தால் போவது, ஆகவே நேர்த்திக்குள் வராது என்று தீர்ப்பும் அவரே சொல்லிக்கொண்டார்.

வீடு பியர்பொன்ட்ஸில், மீன் வெட்டும் வேலை ரொக்ஸ்பரோவில், இரண்டும் தீவுக்குள்ளேயே என்று இருந்தவரை தொல்லையில்லை. மகள் கலியாணம் முடித்து ஆற்றுக்கு அக்கரையில், லவாலில் வீடு வாங்கினாள். புதுவீட்டுக் குடிபூரலுக்கு அப்பா போகவில்லை.

"பாலத்தாலை பத்து நிமிசம் அப்பா!"

"பாலமோ வள்ளமோ, கீழை ஓடுறது தண்ணிதானே பிள்ளை."

அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் இக்கரையில் இவர், அக்கரையில் மகள். இரண்டு பேர் காதிலும் செல்போன். கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பார்கள்.

லவாலுக்கு மெட்ரோ திறந்ததும் நான் ஓடிப்போய்ச் சொன்னேன்: "அண்ணை, இது தண்ணிக்குக் கீழாலை போகுது. கடக்கிறதிலை சேராது."

முறைத்தார். "தண்ணிக்குக் கீழை யோனா பட்டது காணாதோ?"

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றுதான் மனிதர் ஆடிப்போனார். "பேரப்பிள்ளைக்கும் இக்கரையிலை நிண்டு கை காட்டுறதோ?" அடுத்த வாரமே, யோப்பாவும் அடங்கிய பங்கின் திருநாட்டு யாத்திரைக்குப் பெயர் கொடுத்தார். என் போறாத காலம், ஹோட்டலில் அவரோடு எனக்கு ஒரே அறை.

யோப்பா கடைசி நாள். நாற்பது நிமிடம்தான் தருவேன் என்றார் பஸ் சாரதி. அப்போஸ்தலர் இராயப்பர் தங்கிய வீட்டை எல்லாரும் அண்ணாந்து பார்க்க, இவர் துறைமுகச் சுவரில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தார். தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது.

"இவ்வளவு உயரமாக் கட்டினா யோனா எப்பிடி இறங்கினவர்?" என்று வழிகாட்டியிடம் தமிழிலேயே சண்டைக்குப் போனார்.

பக்கத்தில் ஒரு கிழட்டு மீனவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். இவர் கேட்காமலே குந்தி, கிழிசல் மூன்றை மன்னார் முடிச்சில் பொத்திக் கொடுத்தார். கிழவர் சிரித்துவிட்டு, கைபிடித்துத் தன் வள்ளத்தில் இறக்கிவிட்டார். யோனா அண்ணை விளிம்பில் அமர்ந்து சிலுவை போட்டு, அழுதபடி ஒரு காலைக் கடலில் விட்டார். அழுகையில் சப்பாத்தைக் கழற்ற மறந்துபோனார். அது கழன்று தாழ்ந்தது. மேலே பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"அண்ணை, சப்பாத்து!"

"விடு. நான் வந்ததுக்குச் சாட்சியாக் கிடக்கட்டும்."

ஒரு காலில் சப்பாத்து, மறு காலில் ஹோட்டல் செருப்பு. அப்படியே மொன்றியலில் வந்து இறங்கினார்.

"பியர்பொன்ட்ஸ்தானே அண்ணை?" என்று காரை எடுத்தேன்.

"இல்லை. லவாலுக்கு விடு."

பாலத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்த பிடியில் மூன்று நாள் எனக்கு வலி இருந்தது.

கதவைத் திறந்த மகள் அவருடைய கால்களைப் பார்த்தாள். வாசலோரம் இருந்த ஒரு சோடிச் செருப்பை எடுத்து வைத்தாள். குடிபூரலுக்கு அப்பா வருவார் என்று வாங்கியது. விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. அவர் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆற்றங்கரையால் போனால் அங்கே ஒருவரும் நிற்பதில்லை. அந்த வெறும் கரையைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா!