மூன்றாவது டம்ளர்

"மூணாவது டம்ளருக்கு என்னப்பா கிடைக்கும்?"

மகள் ஒருநாள் கேட்ட கேள்வி அது. ஒரு டம்ளரில் பால், இன்னொன்றில் பழச்சாறு. இரண்டையும் இடம் மாற்றியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். அவன் ஒரு காலி டம்ளரை எடுத்து, பாலை அதில் ஊற்றி வைத்துக்கொண்டு, மாற்றிக் காட்டினான்.

"அதுக்கு ஒண்ணும் கிடையாதும்மா. கழுவிக் கவுத்து வெச்சிருவோம்."

"பாவம்ப்பா அது."

அந்தக் கேள்வி மறுபடி ஞாபகம் வந்தபோது மாலை ஐந்து மணி. வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவன் என்று ஒருவன் இல்லாமல் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவன் புரோகிராமர். எந்த இருக்கையில் யார் என்ற பட்டியல் அவன் பொறுப்பு. அதன்படி இருக்கைக்காரர் உள்ளே இருந்தால்தான் அந்த இருக்கையின் விளக்கு எரியும். வாசலில் இருக்கும் கண்ணாடிக் கதவு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் திறக்கும். இருக்கை எண் போட்ட அட்டையைக் காட்டினால் இனிமையான குரலில் வணக்கம் சொல்லும். மொத்தம் நாற்பது இடம். மூன்று வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர வந்த அன்று, தோளில் தூங்கும் மகளோடு அவன் மழையில் நின்றான். "இடம் இல்லை" என்றது கதவு. அரை மணி கழித்து, எப்படியோ ஏழாம் இடம் கிடைத்தது. கடவுள் செயல் என்று இன்றைக்கும் சாமி கும்பிடும்போது அதற்கு ஒரு நன்றி சொல்வான்.

இன்றைய வம்பு கணக்கரின் கழுத்தில் தொடங்கியது. நாலாம் இருக்கைக்கு நேர் மேலே ஏசி.

"இன்னும் ரெண்டு நாள் இங்க உக்காந்தா கழுத்தைத் தனியா எடுத்துட்டுப் போகணும்யா," என்றார் கணக்கர். "உன் மூலை எவ்வளவோ தேவலாம். முன்னாடி அங்க துடைப்பம்தான் இருந்துச்சு. இருந்தாலும் வெயில் வருது."

"எடுத்துக்கோங்க அண்ணே. அட்டையையும் மாத்திக்குவோம்."

இருவரும் அட்டையையும் இடத்தையும் மாற்றிக்கொண்டார்கள். அவன் பட்டியலைத் திறந்தான். ஏழில் நாலைப் போட்டான். பிறகு நாலில் ஏழைப் போட்டான். ஏழில் இருந்த தன்னை, முதல் வரியிலேயே அழித்துவிட்டதைக் கவனிக்கவில்லை. இரண்டு இடத்திலும் இப்போது கணக்கர். கொஞ்ச நேரத்தில் கணக்கர் ஏழாம் அட்டையோடு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரமே வீட்டுக்குப் போனார்.

அவன் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. நாலாம் இருக்கைக்காரர்தான் வீட்டுக்குப் போய்விட்டாரே.

மகளின் பள்ளியை ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் அட்டையைக் காட்டினான்.

"கணக்கர் ஏற்கெனவே வெளியே போய்விட்டார்," என்றது கதவு.

திரும்பி ஓடி வந்து அதே இரண்டு வரிகளைத் தலைகீழாகப் போட்டான். கணக்கரும் கணக்கரும் இடம் மாறினார்கள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன கணக்கரே, வீட்டுக்குப் போயாச்சுன்னு காட்டுது, இருட்டுல என்ன பண்றீங்க?"

"சார், நான் புரோகிராமர்!"

மேலாளர் தன் திரையைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். மறுபடி திரையையே பார்த்தார். "அப்படி யாரும் நம்மகிட்ட இல்லையேப்பா," என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

அவன் மறுபடி பட்டியலைத் திறந்தான். சரி, கணக்கராகவே வெளியே போய்விடலாம் என்று, கணக்கர் உள்ளே இருப்பதாக மாற்றி எழுதினான்.

"கணக்கர் இருவர் உள்ளே இருக்கிறார்கள்," என்று குரல் எல்லா அறைகளிலும் ஒலித்தது. "ஒருவர் குறையும் வரை கதவு திறக்காது."

"குறையும் வரைன்னா?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

அப்போதுதான் மகளின் டம்ளர் ஞாபகம் வந்தது. பட்டியலின் நேற்றைய நகலைத் தேடி எடுத்தான். அதில் ஏழில் அவன் பத்திரமாக இருந்தான். பட்டியலின் அடியில் பூஜ்யம் என்று ஒரு வரி, பெயரில்லாமல், காலியாகக் கிடந்தது. தன்னை அதில் ஊற்றினான். கணக்கரை ஏழுக்கு மாற்றினான். பூஜ்யத்திலிருந்து தன்னை நாலில் ஊற்றினான். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. வாசலுக்கு ஓடி அட்டையைக் காட்டினான்.

"வணக்கம் புரோகிராமர். போய் வாருங்கள்."

எல்லோரும் முண்டியடித்து வெளியேறினார்கள். பின்னால் யாராவது வந்தால் கதவைக் காலால் பிடித்துக்கொள்வது அவன் வழக்கம். இன்றும் பிடித்தான். வாளியை ஓரமாக வைத்துவிட்டு, துப்புரவு செய்யும் அம்மா வந்து தன் அட்டையைக் காட்டினாள்.

"புரோகிராமர் ஏற்கெனவே வெளியே போய்விட்டார்," என்றது கதவு.

அவன் அவளுடைய அட்டையைப் பார்த்தான். பூஜ்யம்.

"அது காலின்னு நினைச்சேம்மா."

"இருக்கட்டும் சார். இத்தனை நாளும் எனக்கு மட்டும் வணக்கம் சொல்லாது, சும்மா திறக்கும். இன்னிக்கு ஒரு பேராவது சொல்லுச்சே," என்று சிரித்தாள். பிறகுதான் முகம் வாடியது. "நீங்க கதவைப் பிடிச்சிருக்கீங்க, இப்ப போயிருவேன். காலைல முதல் ஆளா நான்தானே வரணும்? திறக்காதா சார்? ரெண்டு நாள் வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க."

மணி ஐந்து பத்து. பள்ளிக்குப் பத்து நிமிட நடை.

"உங்க பேரு என்னம்மா?"

மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டான். சொன்னாள்.

"நீங்க கிளம்புங்க. காலைல திறக்கும்."

"பாப்பா காத்துக்கிட்டு இருக்குமே?"

"ஓடிருவேன்."

அவள் தெரு முனையில் திரும்பியதும் அவன் உள்ளே போனான். நாற்பது நாற்காலியும் காலி. பூஜ்யத்தில் கிடந்த தன் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்துச் சேமித்தான். நல்ல காரியம் ஒன்று செய்த நிறைவோடு எழுந்தபோது திரையில் ஒரு செய்தி மின்னியது.

"இந்தப் பெயர் முன்பு ஏழாம் இடத்தில் இருந்தது. நீங்கள் சேர்ந்த நாளில், அவர் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டது. அவர் சொன்ன காரணம்: வெளிய மழைல ஒருத்தர் கைக்குழந்தையோட நிக்கிறாரு, என் இடத்தை அவருக்குக் குடுத்துருங்க."