நிதியறிவில் பத்துக்குப் பத்து

மதிப்பிற்குரிய பொன்னப்பன் அத்தான் அவர்களுக்கு,

குளத்தூரிலிருந்து கனகதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் வீட்டுக்காரி பிரேமகுமாரியும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் பிரஷரும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் எழுதுவானேன், கூப்பிட்டால் போதாதா என்று நினைப்பீர்கள். போன வியாழக்கிழமையிலிருந்து நான் போனைத் தொடுவதே இல்லை.

என் மகள் ஆர்யா நிதியறிவு பற்றி உலகத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளின் போக்கை ஆராய்கிறாள் அல்லவா? நானூறு கட்டுரை வாசித்துவிட்டாளாம். "அப்பா, முந்தி வட்டி தெரியுமா, விலைவாசி தெரியுமான்னு கேட்டு மார்க்கு போடுவாங்க. இப்ப அது மாறியாச்சு. தெரிஞ்ச ஆளு காசு விஷயத்துல என்ன செய்யுதாருங்கதாக்கும் இப்பத்த ஆராய்ச்சி" என்றாள். முப்பத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். தெரிந்தவன் தெரிந்தபடிதானே செய்வான் என்று வாயைக் கொடுத்தேன். "அப்ப நீங்களும் வந்து எழுதுங்க" என்று கடற்கரை சர்ச் ஹாலுக்கு என்னையும் இழுத்துப் போய்விட்டாள்.

அங்கே அவள் கேள்வித்தாளுக்குப் பதில் எழுத வந்த இருபது பெண்கள், நடுவில் நான். பக்கத்து நாற்காலியில் மீன் விற்கும் மார்கிரெட். நூறு ரூபாயை இரண்டு சதவீத வட்டிக்குப் போட்டால் ஐந்து வருடத்தில் எவ்வளவு என்று முதல் கேள்வி. "சாரே, நூறு ரூவாய யாரு அஞ்சு வருஷம் சும்மா போட்டு வைப்பா? எனக்கு அது நாளைக்கே மீனாக்கும்" என்று அதை அப்படியே விட்டுவிட்டாள். முடிவில் அவளுக்கு மூன்று மதிப்பெண், எனக்குப் பத்துக்குப் பத்து. சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று கூட்டு வட்டியை விளக்க ஆரம்பித்தேன். அப்போது பார்த்துப் போன் அடித்தது. பென்ஷன் ஆபீசாம். நான் உயிரோடிருப்பதற்கான சான்றிதழ் வரவில்லையாம், இன்றோடு பென்ஷன் நிற்குமாம், போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் சரியாகிவிடுமாம். நான்கு இலக்கம் சொல்லிவிட்டேன், அத்தான்! அதுவும் வகுப்பில் சொல்வதுபோல் இரண்டிரண்டு தடவை. மார்கிரெட் போனைப் பிடுங்கினாள்.

"எலே, ஆருலே நீ? சாருக்க பென்ஷன நிறுத்த ஒனக்கு ஆருலே அதிகாரம் தந்தது? வச்சிட்டுப் போலே!"

பிறகு என்னிடம், "அவசரப்படுத்துற ஆளுக்கு நான் மத்தி மீனுகூடக் குடுக்கமாட்டேன். நீங்க நம்பரக் குடுக்குதிய!" என்றாள்.

ஹாலே சிரித்தது. மாடி கட்ட வைத்திருந்த இரண்டு லட்சமும் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. ஆர்யாவிடம்கூடச் சொல்லாமல் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மூன்று பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். ஆர்யாவோ என்னை ஆய்வேட்டில் 'பதினேழாம் நபர்: அறிவு மிகுதி, செயல் பூஜ்யம்' என்று குறித்து வைத்திருக்கிறாள். உங்கள் சொல்லைத்தான் அவள் கேட்பாள். தயவுசெய்து அதை அழிக்கச் சொல்லுங்கள். அக்காவுக்குத் தெரியவேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
கனகதாஸ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஆர்யா அழுதுகொண்டு வந்தாள். போனில் பேசியது அவளோடு ஆராய்ச்சி செய்யும் அகில் என்ற பையனாம். ஹாலுக்குப் பின்னால் நின்று பேசினானாம். எண்ணை அனுப்பியதும் அவனே; தெரிந்தவன் என்ன செய்வான் என்று பார்க்கும் சோதனையாம். "முன்னாடியே சொன்னா நீங்க சூதானமா இருப்பீங்கல்லா அப்பா" என்கிறாள். என் பணத்துக்கு ஆபத்தே இருக்கவில்லை. ஆனால் என் புகாரை வைத்துப் போலீஸ் இன்று காலை அகிலைப் பிடித்துவிட்டது. புகார் கொடுத்த நானே அவனை மீட்கக் கிளம்புகிறேன். மார்கிரெட்டையும் கூட்டிப் போகிறேன். அவள் பக்கத்தில் இல்லையென்றால், அங்கே யாராவது எதையாவது கேட்டதும் நான் சொல்லிவிடுவேன்.